மாமா மறுபடியும் பிறந்த வருஷம்

என் மாமா மறுபடியும் பிறந்தபோது எனக்கு ஒன்பது வயது. அவர் அம்மாவின் தம்பி. கடலூர் முதுநகரில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்துகொண்டு துறைமுகத்தில் படகு இன்ஜின் ரிப்பேர் செய்துவந்தார். சுனாமி வந்து போனதற்குப் பிறகு அங்கே அந்த வேலைக்குப் பஞ்சமே இருக்கவில்லை. வேலை முடிந்தால் குடிப்பார். குடித்தால் கத்துவார். கத்துவதற்கு ஆள் கிடைக்காவிட்டால் வாசலில் நிற்கும் சைக்கிளை உதைப்பார். அது அப்பாவின் சைக்கிள் என்பதால் அப்பாவுக்கும் அவருக்கும் அடிக்கடி பேச்சு நின்றுபோகும்.

நாங்கள் பரம்பரைக் கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவோம், கிறிஸ்துமஸ் வந்தால் வீட்டுக்கு வெள்ளையடிப்போம். அதற்கு மேல் ஆண்டவரைத் தொந்தரவு செய்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அதனால் துறைமுகத்துப் பக்கம் தகரக் கொட்டகையில் நடந்த ஜெபக்கூட்டத்துக்கு மாமா போய்வர ஆரம்பித்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குடியை நிறுத்தியபோதுதான் பயந்தார்கள். அப்பா, "மஞ்சக் காமாலையா இருக்கும், ஒடம்பைப் பாக்கச் சொல்லு" என்றார்.

ஒருநாள் சாயங்காலம் அம்மா மீன் அலசிக்கொண்டிருந்தபோது மாமா வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, நான் மறுபடியும் பொறந்துட்டேன்."

அம்மா தலையைத் தூக்காமல், "மொத தடவ பொறந்ததுக்கே அம்மா பட்ட பாடு போதும்டா" என்றார்.

எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை. மறுபடியும் பிறந்தால் வயது எங்கிருந்து ஆரம்பிக்கும்? மாமா இனி எனக்குச் சின்னவரா? என் அண்ணனிடம் கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை; ஆனால் தெரியாது என்று சொல்லும் பழக்கம் அவனுக்கு இல்லாததால், "ஞானஸ்நானம் எடுத்தாத்தான் கணக்கு ஆரம்பிக்கும்" என்றான்.

ஞானஸ்நானம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடந்தது. அம்மா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தார். குழந்தையாக இருந்தபோதே எங்கள் சர்ச்சில் தலையில் தண்ணீர் தெளித்தாகிவிட்டது, அது என்ன செல்லாமல் போய்விட்டதா என்பது அவர் வழக்கு. கொட்டகைப் பாஸ்டர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, உள்ளே போகிறவர் ஒருவர், வெளியே வருகிறவர் வேறொருவர் என்று கரைக்குக் கேட்கும்படி சொன்னார். நான் கண்ணை இமைக்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா முங்கினார். எழுந்தார். மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறி இருமித் தள்ளினார். வேட்டி முடிச்சு அவிழப் பார்த்ததை அவசரமாகப் பிடித்துக்கொண்டார். அதே உடைந்த முன்பல், சைலன்சர் சுட்ட தழும்புடன் அதே மணிக்கட்டு. எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. பிறகு வேறொரு யோசனை வந்தது: பழைய மாமா இன்னும் கடலுக்குள்தான் இருக்கிறாரோ? வலையில் யாராவது இழுத்துக்கொண்டு வந்துவிட்டால் என்ன செய்வது?

அன்றிலிருந்து நான் மாமாவைக் கண்காணித்தேன். சாப்பிடும்போது பார்த்தேன், தூங்கும்போது பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடன் கொட்டகைக்கும் போனேன். அங்கே அவர் எழுந்து சாட்சி சொல்வார். "நான் செய்யாத பாவமில்ல" என்று ஆரம்பிப்பார். கூட்டம் முழுக்க "ஸ்தோத்திரம்" என்று சொல்லும். சில பெண்கள் அழுவார்கள். முடிந்ததும் அவருக்கு முதலில் டீ வரும். எந்தெந்தப் பாவம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கோ அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஆசை.

ஒருநாள் அண்ணன் அடித்த பந்து மாமாவின் டிவிஎஸ் ஃபிஃப்டியின் முன்விளக்கை உடைத்தது. மாமா உள்ளேயிருந்து பாய்ந்து வந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது, கை ஓங்கிவிட்டது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். பழைய மாமா கரையேறிவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் கை இறங்கவில்லை. அவர் திரும்பி நேராக அடிபம்புக்குப் போய்த் தலையை நீட்டிக்கொண்டு, "அடி பாப்பா" என்றார். நான் அடித்தேன். சட்டையெல்லாம் நனைந்து ஒழுகும்வரை குனிந்தபடியே இருந்தார்.

"மாமா, மறுபடியும் பொறந்தா கோவம் வராதுன்னு சொன்னாங்களே?"

"வருது பாப்பா. அப்பிடியேதான் வருது. நீ அடி."

அத்தையைப் பற்றிச் சொல்லவேண்டும். மாமாவின் மனைவி. சிதம்பரத்துக்காரர். அதற்கு இரண்டு வருஷம் முன்பு பைப்படிப் பாசியில் வழுக்கி விழுந்து அத்தைக்கு முழங்கை உடைந்தது. அப்படித்தான் எங்கள் எல்லோருக்கும் தெரியும். கட்டுப் போட்ட கையோடு பிறந்தவீட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அத்தையின் அப்பா அண்ணாமலை நகரில் டீக்கடை வைத்திருந்தார். வீட்டு மாடியை மாணவர்களுக்கு அறைகளாக விட்டிருந்தார். கட்டிக்கொடுத்த பெண் வீட்டோடு இருப்பது அவருக்குப் பெரிய மனக்குறை. மாமா திருந்திய செய்தி அவர் காதுக்கும் போனது. மாப்பிள்ளை நல்லபடியாகிவிட்டார், வந்து கூட்டிக்கொண்டு போகட்டும் என்று ஆள்விட்டுச் சொல்லியனுப்பினார். அம்மா கொட்டகைக்கு முதல்முறையாக நன்றி சொன்னார். மாமாவின் வீட்டைக் கழுவி, புதுப் பாய் வாங்கிப் போட்டு, துணைக்கு என்னையும் சேர்த்து அனுப்பிவைத்தார்.

பஸ்ஸில் புதுச்சத்திரம் தாண்டும்வரை மாமாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்தேன். வெள்ளாற்றுப் பாலத்தில், "உங்க அத்த என்னைப் பாத்து சிரிப்பாளா பாப்பா?" என்று கேட்டார். என்னைப் பார்த்து நிச்சயம் சிரிப்பார் என்று சொன்னேன்.

அத்தையின் அப்பா கடையைச் சாத்திவிட்டு வாசலில் நின்றிருந்தார். "வாங்க மாப்ள, வாங்க" என்று மாமாவின் கையைப் பிடித்து அழைத்துப் போனார். கதவோரத்தில் நீல ரெக்சின் பை ஒன்று ஜிப் இழுக்கப்பட்டுத் தயாராக இருந்தது. அத்தை வந்து என் கன்னத்தைத் தடவினார். நான் சொன்னபடியே என்னைப் பார்த்துச் சிரித்தார். மாமாவைப் பார்த்து, "வாங்க" என்றார். அவ்வளவுதான். அத்தையின் தம்பி ஜெராக்ஸ் கடையில் பாதி நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். இலை போட்டு வஞ்சிரக் குழம்பு ஊற்றினார்கள்.

"மாப்ள இப்ப ஜெபம் பண்றவரு. ரெண்டு வார்த்த சொல்லுங்க, அப்பறம் சாப்புடலாம்" என்றார் அத்தையின் அப்பா.

மாமா எழுந்து நின்று கண்ணை மூடினார். அவர் ஜெபம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். சோறு ஆறிவிடுமே என்ற கவலையோடு நானும் கண்ணை மூடினேன்.

"ஆண்டவரே" என்றார். பிறகு சத்தமே வரவில்லை. நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். மாமா கண்ணைத் திறந்துகொண்டு அத்தையின் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அவ வழுக்கி வுழல. நான்தான் தள்ளினேன். கை ஒடஞ்சதப் பாத்துட்டு அப்பிடியே வுட்டுட்டு வெளிய போயிட்டேன். அப்பறம் வந்து, டாக்டருகிட்ட வழுக்கி வுழுந்தேன்னு சொல்லச் சொன்னதும் நான்தான்."

இங்கே யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. மாடியில் ஒரு மாணவன் துணி உதறும் சத்தம் கேட்டது. அப்புறம் அத்தையின் தம்பி எழுந்தார், இலை அவர் காலில் பட்டுப் புரண்டது. மாமாவின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். மாமா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டார். நான் பக்கவாட்டில் இருந்ததால் கழுத்து நரம்பு புடைத்தது எனக்குத் தெரிந்தது. இங்கே அடிபம்பு இல்லையே என்றுதான் எனக்குத் தோன்றியது.

"வுடுடா" என்றார் அத்தை. "கொழந்த முன்னாடி வேணாம்."

அத்தையின் அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார். "நெசமாம்மா?"

அத்தை தலையாட்டினார்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேம்பா. வந்த அன்னைக்கே சொன்னேன். நீங்கதான் நம்பல. புருசன் பொஞ்சாதின்னா அப்பிடி இப்பிடி இருக்கும்னீங்க."

பெரியவர் எழுந்து, கதவோரத்திலிருந்த நீலப் பையை எடுத்து உள்ளறைக்குக் கொண்டுபோனார். பீரோ திறந்து மூடும் சத்தம் கேட்டது. அப்போதுதான் அத்தை அழுதார். இத்தனை நேரம் அழாதவர் இப்போது எதற்காக அழுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. பை உள்ளே போய்விட்டதே என்ற துக்கம் என்று நினைத்துக்கொண்டு நானும் அழுதேன்.

அத்தை என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் முள் எடுத்து ஊட்டிவிட்டார். நீங்கள் வரவில்லையா என்று கேட்டதற்கு, "இன்னைக்கு இல்ல பாப்பா" என்றார். மாமா வெயிலில் தெருவில் நின்றுகொண்டிருந்தார். என்னை அவரிடம் விட வந்த அத்தை வாசல்படியோடு நின்றார்.

"இத ஏன் இப்ப சொன்னீங்க?"

"பைய தூக்கிக்கினு வந்துருவ. உங்கப்பா சொன்னாருன்னு வந்துருவ. வாணாம்."

அத்தை கதவைச் சாத்தவில்லை. நாங்கள் முனை திரும்பும்வரை நின்றிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் நான் மாமாவிடம் பேசவில்லை. வாயை மூடிக்கொண்டு ஜெபத்தை முடித்திருந்தால் அத்தை இந்நேரம் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இது எனக்கே தெரிந்திருந்தது, மறுபடியும் பிறந்தவருக்குத் தெரியவில்லையே என்று எரிச்சலாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் உரக்க. "ஆண்டவருக்குத்தான் எல்லாம் தெரியுமே, அவரு மன்னிச்சிட்டாருன்னு நீதான சொன்ன? அப்பறம் அங்க போயி எதுக்குடா வாயத் தொறந்த?" மாமா வீங்கிய கன்னத்தோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எப்போதும் கேலி பேசும் அப்பா அன்றைக்கு எழுந்துபோய் அவருக்கு ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு மாமா கொட்டகையில் சாட்சி சொல்ல எழுந்திருக்கவில்லை. பின்னால் உட்கார்ந்து பாடிவிட்டு, பாய்களைச் சுருட்டி வைத்துவிட்டு வருவார். விசுவாசம் குறைந்துவிட்டது என்று சிலர் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கண்காணிப்பதை விட்டுவிட்டேன்; பார்ப்பதற்குப் புதிதாக ஒன்றுமில்லை. காலையில் வேலைக்குப் போனார், சாயங்காலம் வந்தார். கோபம் வந்தபோது பம்படிக்குப் போனார். அத்தையின் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தபோது மட்டும் தகவல் கேட்டு ஓடிப்போய், ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்துவிட்டு, வீட்டுப்படி ஏறாமல் திரும்பிவந்தார். அத்தை அங்கேயே தையல் கற்றுக்கொண்டு மாணவிகளுக்குச் சுடிதார் தைத்துக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டோம்.

நான் ஏழாவது படித்த வருஷம், பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மாமாவின் வீட்டு வாசலில் ஒரு அம்மாள் செருப்போடு நின்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே போனதும்தான் அத்தை என்று தெரிந்தது. கையில் பை எதுவும் இல்லை, சின்ன மணிபர்ஸ் மட்டும். "சும்மா நானாத்தான் பாப்பா, பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

நான் புத்தகப் பையைப் போட்டுவிட்டுத் துறைமுகத்துக்கு ஓடினேன். மாமா ஒரு படகுக்குள் இறங்கி இன்ஜினுக்குப் பக்கத்தில் குனிந்திருந்தார். கரையிலிருந்தே கத்தினேன். அவர் உடனே எழுந்து வருவார் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாரு கூட்டியாந்து வுட்டாங்க?"

"யாரும் இல்ல."

"அவுங்கப்பா அனுப்பிச்சாரா? உங்கம்மா எதுனா போன் பண்ணிச்சா?"

"இல்ல மாமா. தானாத்தான் வந்திருக்காங்க. பாத்துட்டுப் போயிடுவாங்களாம், நீங்க சீக்கிரம் வாங்க."

மாமா அப்படியே படகுக்குள் உட்கார்ந்துவிட்டார். ஆயில் படிந்த கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பக்கத்துப் படகில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவும் அவசரமாகவும் இருந்தது. யார் அனுப்பி வந்தால் என்ன, தானாக வந்தால் என்ன, வந்தது அத்தைதானே, இதற்கு இத்தனை கேள்வி எதற்கு என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.