மூத்தாளுக்குப் போட்ட இலை

இறந்தவர்களுக்கு அமாவாசைக்கு அமாவாசை இலை போட்டுக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நுனி வாழை இலையில் சோறும் குழம்பும் காய்களும் வைத்து, விளக்கேற்றி, இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டு, போனவர்களை உறவு சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொள்வோம். அவர்கள் வந்து சாப்பிட்டுப் போவதற்கான நேரம் அது. பிறகு கதவைத் திறந்து, காக்கைக்கு ஒரு பிடி வைத்துவிட்டு, அந்த இலைச் சோற்றை வீட்டார் பகிர்ந்து சாப்பிடுவோம். மாதத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டிய இந்தக் காரியம், உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் ஏறக்குறைய இரண்டு வருஷம் தினமும் நடந்தது. அதற்குக் காரணம் நான்தான். நான் சோறு தின்னாத பெண்பிள்ளை.

சாப்பாட்டுக்கு அடம்பிடிக்காத பிள்ளை எந்த ஊரிலும் கிடையாது. ஆனால் என்னுடையது சாதாரண அடமில்லை. குழம்பில் கடுகு கண்ணில் பட்டால் கை நின்றுவிடும். பருப்பும் காயும் ஒன்றையொன்று தொட்டால் தட்டைத் தள்ளிவிடுவேன். வாயில் வாங்கிய கவளத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அரைநாள் உட்கார்ந்திருப்பேன், ஆள் இல்லாத நேரம் பார்த்து வைக்கோற்போருக்குப் பின்னால் போய்த் துப்பிவிட்டு வருவேன். அம்மா இருந்தவரை இதெல்லாம் செல்லம் என்ற கணக்கில் போயிற்று. சோற்றை நெய்விட்டுக் குழையப் பிசைந்து, வாய்க்கால் வரப்பில் உட்கார வைத்து, மலையில் இறங்கும் மேகத்தைக் காட்டிக் காட்டி ஊட்டிவிடுவாள். எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது மலைக்காய்ச்சல் கண்டு ஒரே வாரத்தில் அவள் போய்விட்டாள். சீமையில் சண்டை தொடங்கிவிட்டது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு எந்தச் சண்டையும் தெரியாது. என்னை உட்கார வைத்து ஊட்டும் கை இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

வருஷம் திரும்புவதற்குள் அய்யாவுக்கு இரண்டாம் கல்யாணம் செய்து வைத்தார்கள். செய்து வைத்தது என் அத்தை. அய்யாவுக்கு அக்கா, புருஷனை இழந்து எங்கள் வீட்டோடு வந்து இருந்தவர். பெண் கடமலைக்குண்டுப் பக்கம், வானம் பார்த்த பூமியில் சோளமும் கம்பும் தின்று வளர்ந்தவள். பத்தொன்பது வயது. சின்னம்மா என்று கூப்பிடச் சொன்னார்கள். நான் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் அவள் எதிரில் போய் நிற்பேன், அவ்வளவுதான். அவள் சமைத்ததில் ஒரு வாய்கூட என் தொண்டையில் இறங்கவில்லை.

அவள் படாத பாடு பட்டாள். அவளுடைய கைக்காரம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ என்று, மிளகாயைக் குறைத்தாள். "மதினி, மூத்தவுக கத்திரிக்கா எப்படி வைப்பாக?" என்று அத்தையிடம் கேட்டுக் கேட்டு அம்மாவின் சமையலைக் கற்றுக்கொண்டாள். புதிதாக வந்தவள் ஒருத்தி, தான் பார்த்தே இராத மூத்தாளின் கைப்பக்குவத்தை வீடு வீடாக விசாரித்துத் திரிவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அப்போது எப்படித் தெரியும்? உத்தமபாளையம் பள்ளிவாசலுக்குத் தூக்கிப் போய் மந்திரித்துக் கயிறு கட்டினாள். வைத்தியர் கஷாயம் கொடுத்துப் பார்த்தார். என் விலா எலும்புகளை எண்ணிவிடலாம் என்ற நிலை வந்தபோது, இப்படியே போனால் பிள்ளை அடுத்த மழைக்குத் தங்காது என்று அவர் அய்யாவிடம் சொன்னதை நானே கேட்டேன். ஊர் வேறு சொன்னது. இளையாள் பிள்ளையைப் பட்டினி போடுகிறாள் என்றது. தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் அவள் காதுபடவே சொன்னார்கள். அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

அம்மாவின் முதல் திதி வந்தது. சின்னம்மாதான் சமைத்தாள். இலை போட்டு, கூப்பிட்டு, கதவைச் சாத்தித் திறந்தார்கள். இலையில் குவித்திருந்த சோற்றில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருந்ததைப் பார்த்தேன். "அம்மா தின்னிருக்கு" என்றேன். யாரும் சொல்லாமலே இலையின் முன் உட்கார்ந்து, அம்மா தின்ற மிச்சத்தை வழித்துச் சாப்பிட்டேன். வீடே நின்று பார்த்தது. மறுநாள் அதே சோறு, அதே குழம்பு. தட்டைத் தள்ளிவிட்டேன். அடுத்த அமாவாசைக்கு மறுபடி சாப்பிட்டேன். அதற்கு மறுநாள் உச்சிப்பொழுதில், சாதாரணச் செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ, சின்னம்மா கொல்லையில் போய் ஓர் இலை அறுத்து வந்தாள். விளக்கேற்றினாள். என்னையே கூப்பிடச் சொன்னாள். "அம்மா, வந்து சாப்பிடு" என்றேன். கதவைச் சாத்திவிட்டு இருவரும் வெளியே நின்றோம்.

"உங்கம்மா வந்துட்டுப் போயிட்டாக" என்றாள் சற்றுப் பொறுத்து. "மிச்சம் ஒனக்குத்தான். வா ஆத்தா."

அன்றிலிருந்து தினமும் இலை விழுந்தது. நான் தேறினேன். கன்னம் வைத்தது, கை கால் திரண்டது. ஊர் வாய் அடங்கியது. சோற்றில் பள்ளம் விழுவது எப்படி என்பதை, எனக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவளே சொன்னாள். கடைசியாக அறையைவிட்டு வெளியே வருகிறவள் அவள்தான். வரும்போது இரண்டு விரலால் சோற்றை அழுத்திவிட்டு வருவாளாம். அதைச் சொல்லிவிட்டு, நான் கோபித்துக்கொள்வேனோ என்று என் முகத்தைப் பார்த்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. தான் ஆக்கிய சோற்றைத் தினமும் இன்னொருத்தி பேரில் என்னைச் சாப்பிட வைத்திருக்கிறாள். ஒரு நாளாவது இது என் கைச்சோறு என்று அவள் சொன்னதில்லை.

அத்தைக்கு இது பிடிக்கவே இல்லை. அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். "அமாவாசைக்குக் கூப்புட்டா வந்துட்டுப் போவா. தெனமும் கூப்புட்டா எங்கன போவா? இங்கனயேதான் கெடப்பா" என்பார்.

"இருந்துட்டுப் போறாக மதினி. அவுக வீடுதான" என்பாள் சின்னம்மா.

இரண்டாம் வருஷம் சின்னம்மா முழுகாமல் இருந்தாள். அத்தை அய்யாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். பூவோடும் பொட்டோடும் போனவள், ஆசை தீராமல் போனவள், இளையாள் வயிற்றில் பிள்ளை தங்க விடுவாளா என்றார். அய்யா அதிகம் பேசாத மனிதர். அன்று மட்டும், இலை போடுவதை நிறுத்திவிடு என்று சின்னம்மாவிடம் சொன்னார். அவள் நிறுத்தினாள். நானும் நிறுத்தினேன். பசித்தால் பிள்ளை தானாகத் தின்னும் என்று இன்றைக்கும் எங்கள் வீட்டில் இளசுகள் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். எனக்குப் பசித்தது. வயிறு இழுத்துப் பிடித்து வலித்தது. ஆனாலும் தட்டுச் சோற்றைப் பார்த்தால் வாய் பூட்டிக்கொண்டது. அம்மாவை வாசலோடு அனுப்பிவிட்டுச் சாப்பிடுவதாகத் தோன்றியதோ என்னவோ, இப்போது யோசித்தால் அப்படித்தான் படுகிறது. ஐந்தாம் நாள் வாசலில் மயங்கி விழுந்தேன்.

கண் விழித்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இலை விழுந்திருந்தது. அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "வயித்துப் பிள்ளக்காரி செய்யிற காரியமா இது?" என்றார்.

"வயித்துல இருக்கது இன்னும் எம் மொகத்தப் பாக்கல மதினி" என்றாள் சின்னம்மா. "இது பாத்துருச்சு. கண்ணு முன்னால காயிது. நான் என்ன செய்ய?"

ஏழாம் மாதம் கடமலைக்குண்டிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக. அவள் போகவில்லை. இங்கே இலை போட ஆள் இல்லை என்று சொல்லிவிட்டாள். வந்த வண்டி வெறும் வண்டியாகத் திரும்பிப் போனதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தன் அம்மாவிடம் போக முடியாமல் ஒருத்தி எனக்காக நின்றுவிட்டாள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. நாளைக்கும் இலை உண்டு என்ற சந்தோஷம்தான் இருந்தது.

ஆண் பிள்ளை. பிறக்கும்போதே உயிர் இல்லை. மருத்துவச்சி துணியில் சுற்றி அய்யாவிடம் கொடுத்ததையும், அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கமாகப் போனதையும் பார்த்தேன். "மூத்தவ வந்து தூக்கிட்டுப் போயிட்டா" என்று அத்தை சொன்னார். ஒருமுறைதான் சொன்னார், ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவளுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டார். எனக்கும் கேட்டது. எனக்கு எட்டு வயது. கூப்பிட்டது நான்தானே என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு இத்தனை வயதிலும் முழுதாக என்னைவிட்டுப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

சின்னம்மா சாப்பிடுவதை நிறுத்தினாள். பத்தியச் சோறும் பூண்டுக் குழம்பும் அத்தை கொண்டுபோய் வைப்பார், வைத்தபடியே திரும்பி வரும். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டாள். அழவும் இல்லை. பால் கட்டி நெஞ்சு கல்லாக இருந்தது. பால் வற்றுவதற்காக மல்லிகைப் பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். இப்படி மூன்று நாள். ஜுரமும் ஏறியது. பிள்ளை பெற்றவள் இப்படிக் கிடந்தால் எழுந்திருக்க மாட்டாள் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டுப் போனாள். வீட்டில் தீட்டு. படையல் கிடையாது. நானும் அத்தை ஊற்றிய கஞ்சியை வாயில் அடக்கித் துப்பிக்கொண்டு சுற்றினேன்.

நாலாம் நாள் உச்சியில் அத்தை வாய்க்காலுக்குத் துணி அலசப் போனார். அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். மல்லிகை வாசம் முகத்தில் அடித்தது. படையலன்று எங்கள் வீட்டில் அடிக்கும் அதே வாசம். சாப்பிடாத ஒருவரைச் சாப்பிட வைக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கொல்லையில் போய் இலையைக் கையாலேயே கிழித்து வந்தேன். அடுப்படியில் இருந்த சோற்றை அள்ளி வைத்தேன், பூண்டுக் குழம்பை ஊற்றினேன். விளக்கை ஏற்றி அவள் பாயருகே வைத்தேன். இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டேன். கை கூப்பி, "அம்மா, வந்து சாப்பிடு" என்றேன். அவளைத்தான் கூப்பிட்டேனா, கும்பிடும்போது சொல்ல எனக்கு வேறு சொல் தெரியாததால் அப்படி வந்ததா என்று என்னால் இன்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வெளியே வந்து கதவைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டேன்.

அத்தை ஈரத்துணியோடு வந்தார். என்ன செய்தாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. உயிரோடு கிடக்கிறவளுக்குப் படையல் போடுவதைவிடக் கேடு எங்கள் ஊரில் எதுவும் இல்லை. "ஏடி, எந்திரி. அடிப்பாவி, எந்திரி" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். நான் நகரவில்லை. "அம்மா இன்னும் சாப்புட்டு முடிக்கல" என்றேன். அத்தை கையை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். பிள்ளை போனதிலிருந்து அந்த வீட்டில் வாய்விட்டு அழுதவர் அவர்தான்.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. உள்ளிருந்து சொம்பு நகரும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல், மூன்று நாளாகப் பேசாத குரல்.

"ஆத்தா, கதவத் தொற."

சின்னம்மா சுவரில் சாய்ந்து எழுந்து உட்கார்ந்திருந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர். கையில் முழங்கை வரைக்கும் குழம்பு வழிந்திருந்தது, அப்படி ஒரு பசி. இலையில் பாதிச் சோறு காலி. மீதிப் பாதியை ஒரு பருக்கை கலையாமல் என் பக்கமாக ஒதுக்கி வைத்திருந்தாள்.

"மிச்சம் ஒனக்கு" என்றாள்.

நான் உட்கார்ந்தேன். அது யாருடைய மிச்சம் என்று தெரிந்தேதான் சாப்பிட்டேன்.