தோற்ற அணியின் விலை

டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் பக்கத்தில் ஸ்ரனிஸ்லாஸிடம் பேச்சு வாங்காத தமிழர் குறைவு. வாரம் முழுக்கப் பண்டகசாலையில் பெட்டி அடுக்குகிறவன், ஜூன் மாதம் வந்தால் எங்களுக்குப் பொருளாதாரம் படிப்பிக்கத் தொடங்கிவிடுவான்.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தையும் கல்லூரி என்றுதான் சொல்வோம். எங்கள் கல்லூரிப் பழைய மாணவருக்கும் கடற்கரைக் கல்லூரிப் பழைய மாணவருக்கும் ஆண்டுதோறும் இங்கே உதைபந்தாட்டம் நடக்கும். அன்று மைதான ஓரத்தில் ஸ்ரனிஸ்லாஸ் சந்தை போடுவான். வெல்லும் அணியின் சீட்டுக்குக் கடைசியில் பத்துக் குரோணர். தோற்ற சீட்டு வெறும் கடதாசி. ஆட்டம் முடியும்வரை யாரும் விற்கலாம், வாங்கலாம். கைமாறிய விலையை அவன் பலகையில் எழுதுவான். விலை பத்தைத் தொட்டால் வெற்றி நிச்சயம் என்று அர்த்தம். இணையத்தில் தேர்தலுக்கே இப்படி வியாபாரம் நடப்பதைப் பார்த்துப் பிடித்த பைத்தியம் அது.

"விலை பொய் சொல்லாது. உங்கட வாய்தான் சொல்லும்" என்பான்.

எங்களை வைத்துச் சந்தை நடத்துவது லேசல்ல. நான்கு கோல் வாங்கிக்கொண்டு நின்றாலும் சொந்தக் கல்லூரிச் சீட்டை விற்கமாட்டோம். மற்றக் கல்லூரிச் சீட்டைக் கையாலும் தொடமாட்டோம். விலை அசையாது. பாவம், அவன் பலகைக்கு முன்னால் நின்று எங்களைத் திட்டிக்கொண்டிருப்பான்.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. அவன் மனைவி மேரிசெலினின் தம்பி அந்தோனிதாசன் வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். கடற்கரைக் கல்லூரியின் பழைய கோல்கீப்பர். போட்டி முடிந்ததும் எப்படியாவது போன் எடுத்து யார் வென்றது என்று கேட்கிறவன். மாதக்கணக்காக அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. மேரிசெலின் போனைக் குளியலறைக்கும் கொண்டு போனாள்.

போட்டியை நிறுத்தத்தான் நினைத்தோம். முகாம்களில் இருக்கிற சனத்துக்குக் காசு சேரட்டும் என்று நடத்தினோம். கடற்கரைக் கல்லூரியில் பாதிப்பேர் வரவில்லை. வந்தவர்களும் பந்தைப் பார்க்கவில்லை. நான்கு கோல் போட்டுவிட்டு எங்களுக்கே வெட்கமாக இருந்தது.

அப்போது மேரிசெலின் பலகையடிக்கு வந்தாள்.

"தம்பியின்ர கல்லூரிச் சீட்டு ஒண்டு தாங்கோ."

"அதுக்கு இப்ப விலையே இல்லையப்பா. தோக்கப் போகினம்."

"தெரியும். தாங்கோ."

பக்கத்தில் நின்ற எங்கள் பழைய கப்டன் பாலேந்திரா தொண்டையைச் செருமினார். "எனக்கும் ஒண்டு தா. ரெண்டு குரோணர் தாறன்." அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததை நான் அதுவரை கேட்டதில்லை. அடுத்தது நான், மூன்று கொடுத்தேன். எனக்குப் பின்னால் எங்கள் கல்லூரியே வரிசையில் நின்றது. விலை ஐந்தாகி, எட்டாகியது. ஐந்தாவது கோலும் விழுந்தது, விலை ஒன்பது.

ஸ்ரனிஸ்லாஸ் கத்தினான். "விசரே உங்களுக்கு? கோல் விழ விழ விலை ஏறுது! சந்தையை நாசமாக்கிறியள்!"

சீட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்ற மனைவியை அவன் அப்போதுதான் பார்த்தான். அந்தோனிதாசன் உயிரோடு இருக்கவேண்டும். எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கு வேறு எங்கே போய்ச் சீட்டு வாங்குவது?

கடைசிச் சீட்டை அவனே எடுத்துக்கொண்டான். பலகையில் பத்து என்று எழுதினான். விசில் ஊதினார்கள். காசு முழுவதும் நிவாரணத்துக்குப் போனது.

ஜூலையில் ஒரு ஞாயிறு, அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வவுனியா முகாமிலிருந்து போன் வந்தது. மேரிசெலின் அழுது முடித்து, ஸ்பீக்கரைப் போட்டு, கணவனிடம் நீட்டினாள்.

"அத்தான், மட்ச் நடந்ததோ? ஆர் வெண்டது?"

"உங்கட ஆக்கள் தோத்திட்டினம். அஞ்சு கோல்." ஸ்ரனிஸ்லாஸ் மூக்கை உறிஞ்சினான். "ஆனா உங்கட சீட்டு பத்துக்குப் போனது."

"தோத்த சீட்டு பத்துக்கோ? அதெப்பிடி அத்தான்?"

"விலை பொய் சொல்லாதடா" என்றான் ஸ்ரனிஸ்லாஸ்.