கால் நுழையாத சாக்ஸ்

என் தங்கையைக் கம்பெனியில் கட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டம் போட்ட தாளில் கட்டம் கட்டமாக நிறம் தீட்டி சாக்ஸுக்கு டிசைன் போடுகிறவள். நான் அதே கம்பெனியில் சாக்ஸை ஜோடி சேர்த்துப் பெட்டிக்குள் வைக்கிறவள். மூளையை அவளுக்கும் வாயை எனக்குமாகப் பங்கு பிரித்துப் பெற்றிருக்கிறாள் எங்கள் அம்மா.

எங்கள் சாக்ஸ் விலை அதிகம். விலையைச் சொன்னால், "ஷூவும் சேத்துத்தானே?" என்று கேட்பார்கள். சமீபமாக அப்படிக் கேட்கக்கூட ஆள் இல்லை. கடைசியில் முதலாளி தங்கையை அழைத்தார்.

"பேரு, பெட்டி, டிசைன் எல்லாத்தையும் மாத்திப் பாரும்மா. பெரிய கடைக்காரம்மா வந்து பாக்கப் போறாங்க. அவங்க எடுத்தா சரி. இல்லன்னா ஸ்கூலுக்கு வெள்ளை சாக்ஸ் தயாரிச்சுக்கலாம். வெள்ளை சாக்ஸுக்கு உன்னை வச்சு நான் என்னம்மா பண்றது?"

நல்ல மனுஷன். கழுத்தை அறுக்கும்போதும் அம்மா போட்டுத்தான் பேசுவார்.

அன்றிலிருந்து தங்கைக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருப்பாள். "எனக்கு வேற வேலை தெரியாதுக்கா. இந்த வயசுல எவன் என்னைச் சேத்துக்குவான்?" என்று அழுதாள். "தெரியாத வேலையைத்தான் ஊர்ல பாதிப் பேரு பாக்குறான், நீ சாப்பிடு" என்றேன். சொன்னேனே தவிர, என் தட்டிலும் சோறு அப்படியேதான் இருந்தது.

முதலாளி வீட்டுப் பெயரைத் தங்க எழுத்தில் சுமந்துகொண்டிருந்த பழைய லேபிளைத் தூக்கிப் போட்டுவிட்டு, 'நடை' என்று புதுப் பெயர் வைத்தாள். மேஜை இழுப்பறை மாதிரி இழுத்துத் திறக்கிற சாம்பல் நிறப் பெட்டி. உள்ளே சாக்ஸ் முழுக்கப் பறவைகள். அத்தனை நிறம் இதுவரை எங்கள் மெஷினில் ஏறியதில்லை. சத்தியமாக அழகு.

எங்கள் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. மாதிரி சாக்ஸில் யாரும் கால் வைக்கக் கூடாது. போட்டுக் கழற்றினால் தளர்ந்துவிடும், படம் எடுக்க ஆகாது. விரல் இல்லாத வழவழப்பான பிளாஸ்டிக் கால் ஒன்று இருக்கிறது. அதில் மாட்டித்தான் பார்ப்போம். பறவைச் சாக்ஸையும் அப்படித்தான் பார்த்து, ஆகா ஓகோ என்றோம்.

கடைக்காரம்மா வந்தார். பெட்டியைத் திறந்து காட்ட என்னையும் அறைக்குள் நிறுத்தியிருந்தார்கள். பறவைகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "பேரும் நல்லாருக்கு" என்றார். தங்கை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மாவோ குனிந்து தன் ஷூவைக் கழற்றினார்.

"அது மாதிரிக்கு வச்சதுங்க" என்று முதலாளி பதறினார்.

"இருக்கட்டுமே. கால்ல போடுறதுதானே?"

பாதிக் கால் போனது. அதற்குமேல் போகவில்லை. ஒரு பறவையிலிருந்து அடுத்த பறவைக்குத் தாவுகிற நூலெல்லாம் உட்பக்கம் தொங்கலாகக் கிடக்கும். நிறம் கூடக் கூட அந்த நூலும் கூடும். அதில் அவர் விரல்கள் மாட்டிக்கொண்டன.

"உள்ள வலை கட்டியிருக்கீங்களா?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

முதலாளிக்கு முகத்தில் ஈயாடவில்லை. தங்கை என் பையிலிருந்த கத்தரிக்கோலை உருவினாள். "ஒரு நிமிஷம் குடுங்கம்மா" என்று சாக்ஸை வாங்கி உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, தொங்கும் நூல்களை வெட்ட ஆரம்பித்தாள்.

"வேண்டாம்டி" என்றேன் அவள் காதோரம்.

"பேசாம இருக்கா."

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன.

இந்தத் தடவை கால் வழுக்கிக்கொண்டு போனது. "இப்ப சுகமா இருக்கு" என்று எழுந்து ஜன்னல் வரைக்கும் நடந்தார். முதலாளி மூச்சு விட்டார். தங்கை சிரித்தாள், அவள் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. எனக்கும் பைத்தியக்காரத்தனமாக ஒரு நம்பிக்கை வந்தது.

முதலில் போனது ஒரு அலகு. அப்புறம் இறக்கை. அவர் அடி வைக்க வைக்கச் சாக்ஸ் இழுபட்டது, வெட்டுப்பட்ட நூல்கள் ஒவ்வொன்றாக நழுவின. திரும்பி வந்து உட்கார்ந்தபோது, பறவைகள் இருந்த இடத்தில் அடியில் ஓடிய மெல்லிய நைலான் நூலும் அதற்குள் அவருடைய தோலும்தான் தெரிந்தன.

அவர் சாக்ஸைக் கழற்றி, மடித்து, பெட்டிக்குள் வைத்தார். "நல்லா படம் போடுறீங்கம்மா. ஆனா நான் காலுக்குத்தான் விக்கிறேன்" என்றார்.

அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்ட முதலாளி எங்களிடம் திரும்பி வரவில்லை. வெள்ளை நூலுக்கு ஆர்டர் சொல்லிவிடச் சொல்லி வராந்தாவில் யாரிடமோ பேசுவது மட்டும் கேட்டது.

தங்கை தரையில் மண்டியிட்டு, உதிர்ந்த நூல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சிவப்பைத் தனியாக, நீலத்தைத் தனியாக.

"எந்திரிடி. கூட்டுறவங்க பாத்துக்குவாங்க."

அவள் நிமிரவில்லை.

"கால் உள்ள போச்சுல்லக்கா? நீ பாத்தல்ல?"

"பாத்தேன்டி" என்றேன்.