மேல்காட்டுக் கோப்பை

ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில் அலோயிஸ் மாதிரி பீற்றிக்கொள்ளும் திராட்சைக்காரர் இன்னொருவர் கிடையாது. அவருக்கு இரண்டு தோட்டம். ஆற்றோரம் மண் செழித்த கீழ்க்காடு ஒன்று. அதற்கு மேலே, ஏறினால் முழங்கால் மூக்கில் இடிக்கும் சரிவில் மேல்காடு. அங்கே மண் ஏது, எல்லாம் நீலச் சிலேட்டுக்கல்தான். இரண்டிலும் ஒரே ரீஸ்லிங் ரகத் திராட்சைக் கொடி. ஆனால் கீழ்க்காட்டு ஒயின் பழுத்த ஆப்பிள் மாதிரி சாதுவாக இறங்கும். மேல்காட்டு ஒயினோ சுருக்கென்று நாக்கைப் பிடித்து, பின்னால் மழையில் நனைந்த கல்லின் வாசனையை விட்டுப்போகும். அந்த வாசனைக்காக மனிதர் உயிரையே விடுவார்.

குளிர்கால மழையில் அந்தக் கல்லெல்லாம் சரிந்து கீழே வந்துவிடும். பகல் வெயிலைப் பிடித்துவைத்துக் காயைப் பழுக்கவைப்பதே அதுதான் என்பதால், மார்ச் பிறந்தால் கூடையில் அள்ளி முதுகில் சுமந்து மறுபடி மேலே கொட்ட வேண்டும். முப்பத்தெட்டு வருடம் அவரும் மனைவி ஹெட்விக்கும் சுமந்தார்கள். போன மார்ச்சில் ஹெட்விக் கூடையோடு சறுக்கி இடுப்பை முறித்துக்கொண்டாள். ஆறு மாதம் படுக்கை. அலோயிஸ் ஆடிப்போய்விட்டார்.

இந்தப் பிப்ரவரியில் மறுபடி கூடையைத் துடைத்து வைத்தாள் அந்தப் பிடிவாதக்காரி. மேல்காட்டை விட்டுவிடலாம் என்றார் அலோயிஸ். உனக்காக என்று சொன்னால் சண்டைக்கு வருவாளே! அதனால் தன் நாக்கு மரத்துப்போய்விட்டது, இப்போதெல்லாம் இரண்டு ஒயினும் ஒன்றாகத்தான் இருக்கிறது என்று அளந்துவிட்டார்.

ஹெட்விக் அவரைத் திரும்பி நிற்கச் சொல்லி, இரண்டு கோப்பையில் ஊற்றி மேஜைமேல் வைத்தாள்.

"எது மேல்காடு? சொல்லுய்யா பாப்போம்."

மோந்ததுமே தெரிந்துவிட்டது. இருந்தும் இரண்டிலும் ஒவ்வொரு வாய் குடித்து, உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரு எழவும் தெரியல. இதுக்குப் போயா மாடு மாதிரி ஏறணும்?"

பிறகு கீழ்க்காட்டுக்கு வரிசையாகப் புகழ் பாட ஆரம்பித்தார். பெருமையடித்தே பழகிய வாய், நிறுத்தத் தெரியவில்லை. பேச்சோடு பேச்சாகக் கை ஒரு கோப்பையையே எடுத்து எடுத்து வாய்க்குக் கொண்டுபோனது.

அவர் முடித்தபோது ஒரு கோப்பை சொட்டு மிச்சமில்லாமல் காலியாக இருந்தது. மற்றதில் ஒரு வாய்தான் குறைந்திருந்தது. ஹெட்விக் இரண்டையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

"சரி, விட்டுடலாம்" என்றாள்.

காலிக் கோப்பையில் மறுபடி மேல்காட்டையே விளிம்புவரை ஊற்றினாள். "மெதுவா குடி. இனிமே மிச்சம் இருக்கிற பாட்டில் மட்டுந்தான்."