அண்ணன் காயவைத்த போன்

ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு எனக்கென்று நான் வாங்கிய முதல் பொருள் அந்த போன். இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருடங்களில், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் ஒரு பெண்பிள்ளையின் கையில் போன் இருப்பதே தப்பாகப் பேசப்பட்டது. அண்ணனுக்கு அது முதல் நாளிலிருந்தே கண்ணை உறுத்தியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வெளியே துணி அலசிக்கொண்டிருந்தபோது, உள்ளே போனில் மெசேஜ் வந்த சத்தம் கேட்டது. அண்ணன் அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். போன் பூட்டைத் திறக்கக் கோட் நம்பர் கேட்டது.

"எவன்டி அவன்?"

"யாருமில்லண்ணே. கடையில கூட வேல செய்யிற புள்ளையா இருக்கும்."

நம்பரைக் கேட்டும் நான் சொல்லாத ஆத்திரத்தில், மழைத்தண்ணீர் பிடிக்கிற பீப்பாய்க்குள் போனை அமுக்கினான். போட்டுவிட்டுப் போகவில்லை. முழங்கை வரை கையை உள்ளே விட்டு, பூனைக்குட்டியைச் சாகடிப்பவன் மாதிரி அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்தபடி கதவோரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளுத்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். மெசேஜ் அவளுக்குத்தான் வந்திருக்கும்.

அண்ணன் குடித்தாலும் அவளை அடிப்பான், குடிக்காவிட்டாலும் அடிப்பான். மஸ்கெலியாவில் இருந்த தன் தமையனிடம், வந்து கூட்டிப்போகும்படி அவள் என் போனிலிருந்து எழுதிக்கொண்டிருந்தாள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடிக்க நான்தான் பழக்கிக்கொடுத்தேன்.

போன் செத்ததில் எங்கள் இரண்டு பேருக்கும் உள்ளூர நிம்மதிதான். விடிந்ததும், எனக்கு எதிரான சாட்சியைத் தானே மூழ்கடித்துவிட்டோம் என்று அண்ணனுக்கு உறைத்தது. ஈர போனைத் துணியில் சுற்றிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

ஹட்டனில் போன் திருத்துகிற கடைக்கார முஸ்லிம் நானா அதைக் கழற்றிப் பார்த்தார். "பெட்டரிய ஒடனே கழட்டியிருக்கணும் தம்பி. உள்ளுக்கு தண்ணி பட்டு கறள் பிடிக்கத் தொடங்கிட்டு."

"மத்ததெல்லாம் போனா போகட்டும் நானா. மெசேஜ் மட்டும் வேணும்."

"சிம்முல ஒண்டுமில்ல. போன் எழும்பினாத்தான் கிடைக்கும்."

பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் தோய்த்து, பல் விளக்குவதுபோல உள்ளேயிருந்த பச்சைத் தகட்டைத் தேய்த்தார். பிறகு பல்பின் சூட்டில் காயவைத்தார். எழும்பக்கூடாது என்று ஒவ்வொரு கோயில் சாமியையும் நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். எழும்பிவிட்டது. திரையின் பாதி கறுத்துப்போயிருந்தது. மிச்சப் பாதியில் கோட் கேட்டது.

அண்ணன் மேசைக்குக் கீழே என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். நான் அழுதுகொண்டே நம்பரைச் சொன்னேன். நானா நிமிர்ந்தார்.

"யார்ட போன் தம்பி இது?"

"எங்க வீட்டு போன்தான்."

பஸ்ஸில் அவன் ஒவ்வொன்றாக அமுக்கிப் படித்தான். பாதி வழியில் என் பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டான். வீட்டுக்கு வந்ததும் அண்ணியைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்தான். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிற காம்பராக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி, எழுத்துக்கூட்டி வாசித்தான்.

"'அண்ணா, வந்து என்னய கூட்டிட்டு போங்க. நேத்தும் அடிச்சாரு. ஒரு காது கேக்க மாட்டேங்குது.'"

"போதும்ணே, விடுங்க" என்று பறிக்கப் போன என்னை ஒரே தள்ளில் சுவரோடு சாய்த்தான். ஞாயிற்றுக்கிழமை வந்த மெசேஜைக் கடைசிக்கு வைத்திருந்தான். தமையனின் பதில் அது. அண்ணி அதை இன்னும் பார்த்திருக்கவில்லை.

"'இனிமே இப்புடி எழுதாத. இங்க ஒனக்கு எடமில்ல. என் பொஞ்சாதி ஒத்துக்க மாட்டா. அங்கயே கெட.'"

அண்ணி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சிரித்தான். "காது கேக்காதுன்னியே, கேட்டுச்சா? இன்னொருக்கா வாசிக்கவா?" வாசித்தான்.

அன்று அவன் அவளை அடிக்கவில்லை. மறுநாளும் அடிக்கவில்லை. அதுவரை எப்போதும் முதுகிலும் தொடையிலும், மிஞ்சினால் கூந்தல் மறைக்கிற காதோரத்திலும்தான் அடிப்பான். திருவிழாவுக்கு வருகிற தமையன் கண்ணில் பட்டுவிடும் என்று முகத்தில் கை வைக்க மாட்டான். அந்த வாரம் முடிவதற்குள், முதன்முதலாக அவளை முகத்தில் அடித்தான்.