இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

முருகனை நம்பும் என் சொந்தங்களே, நான் செய்த ஒரு திருட்டுத்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் அவன் எனக்குச் செய்த உதவி உங்களுக்குப் புரியும்.

அறுபதுகளின் கடைசி. பி.ஏ. முடித்துவிட்டுத் திருப்பூரில் வீட்டோடு இருந்தேன். அப்பா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சென்னை போய்ச் சட்டம் படிக்க வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. கல்லூரியிலிருந்து நேர்முகத் தேர்வுக்குக் கடிதமும் வந்துவிட்டது. அதே வாரம் தாராபுரத்திலிருந்து பெண் கேட்டும் வந்தார்கள். அப்பாவுக்கு இரண்டு மனது.

"பூக்கேட்டுப் பாக்கலாம் அம்மிணி. வெள்ளப் பூ வந்தா மெட்ராசு, செவப்பு வந்தா கல்யாணம். அப்பறம் ஒரு பேச்சும் கூடாது" என்றார்.

எங்கள் பக்கம் பெரிய காரியம் என்றால் இப்படித்தான். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் பொட்டலம் கட்டி முருகன் முன்னால் வைப்போம். ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். அதைத்தான் பிரிப்போம், மற்றதைப் பிரிக்காமலே தண்ணீரில் போட்டுவிடுவோம். கட்டும் வேலையை அப்பா என்னிடமே கொடுத்தார். என் மேல் அவ்வளவு நம்பிக்கை. நான் இரண்டிலும் நந்தியாவட்டையை வைத்துக் கட்டினேன்.

வெள்ளைதான் வந்தது. வராமல் எங்கே போகும்!

தாராபுரத்துக்காரர்களுக்கு அப்பா இல்லையென்று சொல்லி அனுப்பினார். பார்ப்பவரிடமெல்லாம் "முருகனே உத்தரவு குடுத்துட்டானுங்க" என்று பூரித்தார். அவர் சொல்லத் தொடங்கினாலே நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். நேர்முகத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை. அரசியல் சட்டத்தைப் பற்றிக் கேட்பார்கள், இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். ஒரே பக்கத்தை ஐந்து தடவை படிப்பேன். புத்தகத்தை மூடினால் ஒன்றும் நிற்காது. எழுந்து நடப்பேன். உட்காருவேன். மறுபடி எழுந்து தண்ணீர் குடிப்பேன். சாமி படத்தின் முன் நின்றால் 'சீட்டுக் கொடு' என்று கேட்க நாக்கு எழவில்லை. நான் ஏமாற்றிய அவனிடமே போய் எப்படிக் கேட்பது? என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை குளித்துவிட்டு நின்று, "முருகா, சீட்டுக்கூட வேண்டாம். அப்பாவிடம் சொல்ல வாயைக் கொடு" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் பயம். கொடுத்துவிடப் போகிறானே!

அன்று பார்த்துக் கம்பெனியில் கரண்ட் இல்லை. மதியத்தில் வீட்டுப் பக்கமே வராத அப்பா சாப்பிட வந்தார். ரசம் ஊற்றும்போது என்னை அறியாமல் வந்துவிட்டது.

"அப்பா, ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப் பூதானுங்க வெச்சேன்."

பாதிச் சோற்றில் கையைக் கழுவினார். சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. படிப்பு போனது என்றே முடிவு செய்தேன். ஆனால் ஆச்சரியம், அந்த இரண்டு நாளும் படித்தது மண்டையில் நின்றது.

வெள்ளிக்கிழமை காலை என் எதிரில் வந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது.

"பூவ நீ மாத்திப்போட்ட. அன்னைக்கு வாயத் தொறந்து சொன்னியே, அதையும் நீயேவா சொன்ன?"

"இல்லீங்கப்பா. சொல்ல வைக்கச் சொல்லி முருகங்கிட்டக் கேட்டேனுங்க."

அப்பா சாமி படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப அதுதான் அவன் உத்தரவு. கெளம்பு. ஆனா ஒரு பொய்ய மூணு வாரம் தாங்க முடியாதவ, வக்கீலாப் போயி என்னத்தப் பொழைக்கப் போறயோ!"

சிரித்தார். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு கதறிவிட்டேன்.

சென்னைக்கு அப்பாவே கூட்டிப்போனார். இடம் கிடைத்தது. கறுப்புக் கோட்டுப் போட்டுச் சில வருஷம் ஆகிறது. தெரிந்து ஒரு பொய்யை இதுவரை கோர்ட்டில் சொன்னதில்லை. அதனால் கைவிட்டுப் போன கட்சிக்காரர்களும் உண்டு, போகட்டும்.

எதையாவது மறைத்து வைத்துக்கொண்டு தவிக்கிறீர்களா? வேறெதுவும் கேட்காதீர்கள். சொல்லும் தைரியத்தை மட்டும் அவனிடம் கேளுங்கள், கட்டாயம் தருவான்.

போன தை மாதம் அப்பா காலமானார். அன்று நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், இனி யாரிடம் போய்ச் சொல்வேன்? அவர் இருக்கும்போதே சொல்ல வைத்தானே, அந்த முருகனுக்குக் கோடி கும்பிடு.