தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு

என் கணவருக்கு ஆஸ்பத்திரி என்றாலே வேப்பங்காய். இரண்டாவது இட்லியிலேயே வயிறு நிறைந்துவிட்டதென்று தட்டைத் தள்ளுவார். பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொள்வார். கேட்டால், எங்கள் சந்தாபுரா வீட்டிலிருந்து ஆபீஸ் போய் வருகிற டிராபிக்கின் மேல் பழி. நான் கத்திய கத்தலுக்குப் பயந்துதான் அந்தச் சனிக்கிழமை லேபில் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்.

மதியம் அவர் போனுக்கு ரிப்போர்ட் வந்தது. வெள்ளை அணுக்கள் என்ற வரியில் 98.4.

"பாத்தியா, 98.4. ஜுரம்கூட இல்ல. நீதான் ஊரக் கூட்டுன," என்று சிரித்தார்.

தெர்மாமீட்டரில் அந்த எண்ணைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். 98.4 என்றால் ஒன்றுமில்லை, பள்ளிக்கூடம் கிளம்பு என்று அர்த்தம். எனக்கும் ஒரு கணம் மனசு லேசானது. பிறகு போனை வாங்கிப் பார்த்தேன். இருக்க வேண்டிய அளவு 4 முதல் 11 வரை என்று பக்கத்திலேயே போட்டிருந்தது. புள்ளி இடம் மாறியிருக்கும், 9.84 ஆக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் ரிப்போர்ட்டில் இருந்த லேப் நம்பரைக் குறித்துக்கொண்டேன்.

அவர் வேலூரிலிருக்கும் தன் அம்மாவுக்கு போன் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் பால்கனிக்குப் போய் லேபைக் கூப்பிட்டேன். அங்கிருந்த டாக்டரம்மா கன்னடத்தில் நிதானமாகப் பேசினார். முதலில், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டேன். புள்ளி சரிதானாம், இரண்டு முறை பார்த்துவிட்டார்களாம். கணக்கு ஆயிரத்தில். அதாவது தொண்ணூற்றெட்டாயிரத்து நானூறு. சாதாரணக் காய்ச்சலுக்கு இவ்வளவு ஏறாது, அதோடு பழுக்காத பிஞ்சு அணுக்களும் ரத்தத்தில் தெரிகின்றன என்றார்.

"இவத்தே ஹோகி. நாளெ பேட."

இன்றைக்கே போங்கள், நாளைக்கு வேண்டாம். என்ன நோய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

ஹாலில் அவர், எல்லாம் நார்மல்தான், இவள்தான் சும்மா பயந்துவிட்டாள் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எதிரில் போய் நின்றேன்.

"போன வைங்க. சட்டய மாத்துங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அவர் பதறி எழுந்தார். "யாருக்கு என்னாச்சு?"